முயலுக்கு எதற்குக் கோட்டு?

கூஸ்பெரிச் செடிகளின் மேல் விரித்திருக்கும் வலையில் ஒரு குட்டி முயல் சிக்கிக் கிடக்கிறது. காதோ காலோ மாட்டவில்லை. அது போட்டிருக்கும் நீலக் கோட்டின் பெரிய பித்தளைப் பொத்தான்கள்தான் மாட்டிக்கொண்டன. கோட்டு வேறு புத்தம் புதுசு. அடுத்த படத்தில், முயலைக் கவிழ்த்துப் பிடிக்கச் சல்லடையோடு தோட்டக்காரர் வந்துவிட்டார். முயல் கோட்டை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வெற்றுடம்போடு பாய்கிறது. பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி வரைந்து 1902-ல் வெளிவந்த 'பீட்டர் முயலின் கதை'யில் இவை அடுத்தடுத்த காட்சிகள். பீட்டர் என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது பொத்தான் போட்ட கோட்டோடு நிமிர்ந்து நிற்கும் முயல்தான். குழந்தைகளின் கிண்ணத்திலும் போர்வையிலும், 2016-ல் பிரிட்டிஷ் நாணயச்சாலை வெளியிட்ட ஐம்பது பென்ஸ் காசிலும் இருப்பது அந்த முயலே. ஆனால் புத்தகத்தில் கதையின் பிற்பாதி முழுக்க அதன் உடம்பில் ஒரு துணியும் இல்லை. மனித உடுப்பு போட்ட விலங்கின் படத்தை எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு இந்த முரண்பாட்டைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்ததும் பலர் மனத்துக்குள் ஓர் அகராதியைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். முயல் என்றால் கருவளம், அல்லது பயந்த சுபாவம். நீலம் என்றால் தூய்மை. பொத்தான் என்றால் கட்டுப்பாடு. வரிசையாகக் கூட்டினால் விடை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. இந்த வழி எப்போதும் தப்பு என்று சொல்ல முடியாது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் டிஷியனின் ஓவியத்தில் மரியாளின் கையடியில் ஒரு வெள்ளை முயல் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அதை வரைந்தவருக்கும் வரையச் சொன்னவருக்கும் அந்த முயலுக்கு என்ன பொருள் என்பதில் கருத்து வேற்றுமை இருந்திருக்காது. இருவரிடமும் ஒரே அகராதி இருந்தது. ஆனால் அந்த முயலுக்கு உடுப்பில்லை. உடுப்பு மாட்டிய கணத்திலேயே விலங்கு அகராதியைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. எல்லா முயலுக்கும் பொருந்தும் விளக்கம், வலையில் மாட்டிய இந்த ஒரு முயலைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: உடுப்பணிந்த விலங்கின் படத்தில் பொருள் விலங்கிடமும் இல்லை, உடுப்பிடமும் இல்லை, உடுப்பு முடிந்து உடம்பு தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது. எந்த உறுப்பை மூடினார்கள், எதை விட்டுவிட்டார்கள், வால் எங்கே போனது, உடுப்பு எந்த இடத்தில் கழன்றது, கழன்றபின் அது யார் கையில் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் படம் வாய் திறக்கும். அந்த ஓரம் இல்லாத படங்களும் உண்டு. அவை வேறு ஜாதி. அதற்கு உதாரணம் பிரெஞ்சுக்காரர் கிராண்ட்வில். 1829 வாக்கில் அவர் வெளியிட்ட 'இன்றைய உருமாற்றங்கள்' என்ற தொகுப்பின் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில், கழுத்துக்குக் கீழே இருப்பது முழுக்க மனித உடம்பு, பாரிஸ் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த உடுப்பு. கழுத்துக்கு மேலே மட்டும் மிருகத் தலை. அங்கே கோட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது மனிதனுடைய கோட்டு. தலைதான் முகமூடி. இது மனிதரைக் கேலி செய்யும் கலை; விலங்கைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. 1835-ல் பிரான்சில் கேலிச்சித்திரங்களுக்கு முன்தணிக்கை மறுபடி வந்ததும் கிராண்ட்வில் புத்தகச் சித்திரத்துக்கு நகர்ந்தார். அரசரை வரைய முடியாத காலத்தில் சிங்கத்தையும் நரியையும் யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதே.

அடுத்த படி ஜான் டென்னியல். 'பஞ்ச்' இதழின் அரசியல் கேலிச்சித்திரக்காரரான இவர் 1865-ல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைக்கு வரைந்த வெள்ளை முயலுக்குக் கட்டம் போட்ட கோட்டு, வெயிஸ்ட்கோட், கையில் கடிகாரம், அக்குளில் ஒரு குடைகூட உண்டு. கால்சட்டை மட்டும் இல்லை. இடுப்புக்கு மேலே நேரந்தவறாத கனவான், இடுப்புக்குக் கீழே ரோமக் கால்கள். கதையிலும் முயல் பேசுவது ஆலிஸுக்குப் பெரிய அதிசயமாகத் தெரிவதில்லை; வெயிஸ்ட்கோட் பையிலிருந்து அது கடிகாரத்தை எடுக்கும்போதுதான் துள்ளி எழுகிறாள். அதாவது அந்தக் குழந்தைக்குப் பேச்சு பெரிதல்ல, பை வைத்த உடுப்புதான் பெரிது. பின்னால் இதே முயல் சீட்டுக்கட்டு ராஜாவின் தர்பாரில் கட்டியக்காரனாக, இதயம் பொறித்த அங்கியும் ஊதுகொம்பும் காகிதச் சுருளுமாக வந்து நிற்கிறது. வேலைக்கேற்ற சீருடை. பெரிய இடத்தைக் கண்டு நடுங்கும், சின்னவர்களை அதட்டும் ஒரு குமாஸ்தா மனம் அதில் தெரிகிறது. டென்னியலின் ஓரம் நகைச்சுவை ஓரம். மேல்பாதியின் தோரணையைக் கீழ்பாதி கவிழ்த்துவிடுகிறது. அதற்கு மேல் அவர் போகவில்லை. போயிருக்க வேண்டியதும் இல்லை.

பாட்டரிடம் வரும்போது விஷயம் கனமாகிறது, காரணம் அவர் வேறொரு பள்ளியில் கைபழகியவர். 1866-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்த அவரும் தம்பியும் செல்ல முயல், முள்ளெலி, தவளை, வௌவால் என்று வளர்த்தார்கள். செத்த பிராணிகளைக் கொதிக்கவைத்து எலும்புக்கூட்டைப் பிரித்து வரைந்தார்கள். காளான்களை அவர் நூற்றுக்கணக்கில் வரைந்தார். அவற்றின் வித்துகள் முளைக்கும் விதம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-ல் லண்டன் லின்னியன் சங்கத்துக்குப் போனது. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாத காலம் என்பதால் இன்னொருவர் கையால் போக வேண்டியிருந்தது. அவருடைய காளான் படங்களை 1967-ல் ஒரு காளான் கையேட்டிலேயே அச்சிட்டார்கள். அவ்வளவு துல்லியம். பீட்டர் பிறந்தது 1893 செப்டம்பரில், படுத்த படுக்கையாக இருந்த ஐந்து வயதுச் சிறுவன் நோயல் மூருக்கு ஸ்காட்லாந்திலிருந்து எழுதிய படக் கடிதத்தில். எலும்பு எங்கே மடங்கும் என்று தெரிந்த கை வரைந்த முயல் அது. கோட்டுக்குள் இருக்கும்போதும் முயலின் தோள் முயலின் தோளாகவே இருக்கிறது. தாய் முயல் பீட்டரின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடும் படத்தைப் பாருங்கள். துணி அந்த உடம்பின் மேல் உட்காரவே உட்காராது என்பது தெரிந்தேதான் வரைந்திருக்கிறார். பீட்டரின் முகமும் வேறு பக்கம் பார்க்கிறது.

இனி கதை உடுப்பை எந்த வரிசையில் கழற்றுகிறது என்று கவனிப்போம். தங்கச்சிமார் மூவரும் சொன்ன பேச்சைக் கேட்டுக் பிளாக்பெரி பறிக்கப் போய்விட, பீட்டர் நேரே தோட்டக்காரர் மக்ரெகரின் தோட்டத்துக்குள் நுழைகிறது. தாய் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள்: அப்பா அங்கே போய்த்தான் திருமதி மக்ரெகரின் பையில், அதாவது மாவுக்குள் இறைச்சி வைத்து வேகவைக்கும் பண்டத்துக்குள், போனார். இதைத் தாய் சொல்லும் தொனி மழை வரும் குடை எடுத்துக்கொள் என்பதுபோல இருக்கிறது. துரத்தல் தொடங்கியதும் ஒரு செருப்பு முட்டைக்கோஸ் பாத்தியில் போகிறது, மற்றது உருளைக்கிழங்குப் பாத்தியில். இரண்டும் போனபின் பீட்டர் நாலு காலில் ஓடி வேகம் பிடிக்கிறது. தப்பித்திருக்கும், பொத்தான் மாட்டியிருக்காவிட்டால். செருப்பு வேகத்தைத் தடுத்தது, கோட்டு உயிரையே பிடித்துவைத்தது. இரண்டும் கழன்றபின்தான் பிழைக்கிறது. ஆக மனித உடுப்பு முயலை மனிதனிடமிருந்து காப்பாற்றவில்லை. மக்ரெகருக்குக் கோட்டு போட்ட முயலும் போடாத முயலும் ஒன்றுதான். இரண்டும் கீரை திருடி, இரண்டும் பை. அந்த உடுப்புக்கு முயல் வளைக்குள் மதிப்பு உண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் செல்லாது.

கழன்று விழுந்த கோட்டை மக்ரெகர் என்ன செய்தார் என்பதில்தான் பாட்டரின் கூர்மை தெரிகிறது. எரிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. குறுக்குக் கட்டையில் கோட்டையும் செருப்பையும் மாட்டிச் சோளக்கொல்லைப் பொம்மையாக நட்டுவிட்டார். பறவைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் படம். முயலை ஆளாக்குவதற்காகத் தாய் மாட்டிய கோட்டு, ஆளே இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாகக் காட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தது. 1904-ல் வந்த அடுத்த கதையில் பெஞ்சமின் என்ற மச்சானோடு போய் பீட்டர் அதை மீட்டு வருகிறது. இரவு பெய்த மழையில் கோட்டு சுருங்கிப்போயிருக்கிறது. அதே கதையில் தாய் முயல் விதவை என்றும், முயல் ரோமத்தில் கையுறை பின்னி விற்றுப் பிழைக்கிறாள் என்றும் போகிற போக்கில் ஒரு தகவல் வருகிறது. யாருடைய ரோமம் என்று பாட்டர் சொல்வதில்லை.

என் வாதத்துக்கு முதல் மறுப்பைப் பீட்டரின் புத்தகமே தருகிறது. உடுப்பு கழன்றால் விலங்கு விலங்காகிவிடும் என்றுதான் நான் சொல்வதாகத் தோன்றும். அப்படியானால் பூட்டிய கதவருகே நிற்கும் பீட்டரை என்ன செய்வது? வெற்றுடம்பு, ஆனால் இரண்டு காலில் நிற்கிறது; ஒரு பாதத்தை மற்றதன் மேல் வைத்து, ஒரு கையை வாயருகே கொண்டுபோய்க் கண்ணீர் விடுகிறது. வழி தவறிய குழந்தையின் நிலை அது. காட்டு முயலின் நிலை அல்ல. புத்தகத்திலேயே அதிகம் மனதைத் தைக்கும் படமும் அதுதான். இது என் வாதத்தைக் கெடுக்கிறதா? கெடுக்கவில்லை, திருத்துகிறது. உடுப்பு போனால் மனிதத்தன்மை போகும் என்று பாட்டர் வரையவில்லை. உடுப்பும் மனிதத்தன்மையும் வேறு வேறு என்று வரைந்திருக்கிறார். கோட்டு இருந்தபோது பீட்டர் ஒரு வீட்டுப் பிள்ளை. கோட்டு போனபின் ஒரு நேரம் நாலு கால் பிராணி, ஒரு நேரம் அழும் குழந்தை. இரண்டையும் மறைத்து ஒன்றாகக் காட்டியதுதான் கோட்டின் வேலை. சற்று நேரத்தில் குளத்தங்கரையில் ஒரு வெள்ளைப் பூனை மீனைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உடுப்பு இல்லை, தேவையும் இல்லை. பீட்டர் பேசாமல் நழுவிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வியாபாரத்திலிருந்து வரும். கோட்டு போட்ட முயல் அழகு, அழகு விற்கும், அவ்வளவுதான். 1903 டிசம்பரிலேயே பாட்டர் பீட்டர் பொம்மை ஒன்றைத் தானே தைத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவிட்டாரே என்பார்கள். பதிந்தது உண்மை. நல்ல வியாபாரி அவர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காலவரிசை இந்த மறுப்புக்கு உதவாது. பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1901 டிசம்பரில் அவர் சொந்தச் செலவில் அச்சிட்ட 250 பிரதிகளில், முகப்புப் படம் ஒன்று மட்டும் வண்ணத்தில், மீதி எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருந்தன. அந்த ஒரு வண்ணப் படத்திலோ பீட்டர் கட்டிலில் படுத்திருக்கிறது, கோட்டு இல்லை. அதாவது கண்ணைப் பறிக்கும் நீலம் வருவதற்கு முன்பே கோட்டு வலையில் மாட்டிவிட்டது, கழன்றுவிட்டது, கொல்லைப் பொம்மையாகிவிட்டது. வண்ணம் கேட்டது பிறகு வந்த வார்ன் பதிப்பகம். விற்பனைக்கு வேண்டியது கழலாத கோட்டு. கதை கட்டப்பட்டிருப்பதோ கழலும் கோட்டின் மேல். கிண்ணத்தில் இருக்கும் முயலும் புத்தகத்தில் இருக்கும் முயலும் இந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. அந்தக் காலத்து நடுத்தர வர்க்கம் பிள்ளைகளைக் கஞ்சி போட்ட துணிக்குள் அடைத்து வளர்த்தது. எனவே கோட்டு என்பது ஒழுக்கத்தின் சிறை, கழற்றுவது விடுதலை என்று ஒரு வாசிப்பு உண்டு. 1907-ல் வந்த டாம் பூனைக்குட்டியின் கதை இதற்குச் சாதகம்தான்: விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தாய்ப்பூனை குட்டிகளைத் திணித்து உடுத்திவிட, பொத்தான்கள் தெறித்து விழுகின்றன, கடைசியில் உடுப்பை வாத்துகள் போட்டுக்கொண்டு போய்க் குளத்தில் தொலைக்கின்றன. ஆனால் அதற்கு முந்தின வருடம் வந்த ஜெரமி ஃபிஷர் என்ற தவளையின் கதை இந்த வாசிப்பை முறித்துவிடுகிறது. மீன் பிடிக்கப் போன ஜெரமியை ஒரு பெரிய டிரவுட் மீன் விழுங்குகிறது. மழைக்கோட்டின் சுவை பிடிக்காமல் உடனே துப்பிவிடுகிறது. இங்கே உயிரைக் காத்தது உடுப்பு. 1908-ல் ஜெமைமா வாத்து சால்வையும் தொப்பியுமாகக் கிளம்பி, காட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் கண்ணியமான கனவானைச் சந்திக்கிறாள். அவர் தமது புதர் வாலைச் சுருட்டி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். உட்காரும் கட்டை ஈரமாம். ஓரத்தைப் பார் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஜெமைமா தலையிலிருந்து கால்வரை கனவானைப் பார்த்தாள், வாலை மட்டும் பார்க்கவில்லை. வாத்தை வறுக்கத் தேவையான மூலிகைகளையும் வெங்காயத்தையும் அவளையே பறித்துவரச் சொல்கிறார் அவர், அவளும் பறிக்கிறாள். காப்பாற்ற வரும் கெப் என்ற பண்ணை நாய்க்கு உடுப்பு எதுவும் கிடையாது. கெப் பாட்டர் வளர்த்த நாய். 1905-ல் ஹில் டாப் பண்ணையை வாங்கிப் பிற்காலத்தில் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பில் பேரெடுத்தவர் அவர். எந்தப் பிராணி இறைச்சிக்கு, எது ரோமத்துக்கு, எது காவலுக்கு என்று அன்றாடம் முடிவெடுத்த பெண். எனவே அவரிடம் உடுப்புக்கு ஒரே பொருள் இல்லை. உடுப்பு மாறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பிராணி யாருக்கு ஆள், யாருக்கு உணவு?

இங்கிலாந்து நர்சரிப் புத்தகத்துக்கு மட்டும் பொருந்தும் சூத்திரமா இது என்று கேட்டால், ஜப்பானுக்குப் போகலாம். கியோட்டோவின் கோசான்ஜி ஆலயத்துக்குச் சொந்தமான 'சோஜூ கிகா' என்ற நான்கு சுருள் ஓவியங்கள் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதல் சுருளில் ஓர் எழுத்துகூட இல்லை, மையும் தூரிகையும் மட்டும். அதில் தவளையும் முயலும் மல்யுத்தம் செய்கின்றன, தவளை முயலின் காதைக் கடிக்கிறது, இரண்டுக்கும் துணியில்லை. பிறகு ஒரு பூஜைக் காட்சி. புத்தரின் இடத்தில் ஒரு தவளை, பெரிய இலை ஒளிவட்டம் போலப் பின்னால் நிற்க, உடுப்பேதும் இல்லாமல் அமர்ந்திருக்கிறது. எதிரே ஓதும் குரங்குக்குத் துறவியின் அங்கி. வாயிலிருந்து கோடுகள் புறப்படுகின்றன, மந்திரமாம். யாருக்கு அங்கி போட்டார்கள், யாருக்குப் போடவில்லை என்று பார்த்தால் போதும், ஓவியரின் கேலி எந்தப் பக்கம் பாய்கிறது என்று விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில் காளிகாட் கோயிலருகே விற்ற படங்களிலும் ஓர் உருத்திராட்சப் பூனை உண்டு. அங்கே துளசி மாலை. நெற்றியில் நாமம், கழுத்தில் மணி, வாயில் இறால். வேடம் கழுத்தோடு நிற்கிறது, வாய் பூனையின் வாயாகவே இருக்கிறது.

நம் மாமல்லபுரத்துப் பூனைக்கு அந்த மாலையும் இல்லை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அருச்சுனன் தபசுப் பாறையில் அதைப் பின்னங்காலில் நிறுத்தி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கவைத்து, சுற்றிலும் எலிகளை விட்டிருக்கிறான். அதே பாறையில் மேலே நிற்கும் தபசியின் தூக்கிய கைகளை அப்படியே நகலெடுத்த நிலை. பூனைக்கு அந்த நிற்கும் நிலையே உடுப்பு. துணியில்லாத சிலையை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவருவது வாதத்தை இழுத்து நீட்டுவதாகாதா என்று கேட்கலாம். கோட்டு என்பது துணி என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொண்டால் ஆகும். மனிதர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் அடையாளம் ஒன்றை விலங்கு மேலே போட்டுக்கொள்வதுதான் கேள்வி என்றால், தூக்கிய கையும் கோட்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. சிற்பி எலிகளை அவ்வளவு அருகில் வைத்தது, அந்த ஓரத்தை நாம் தவறவிடக்கூடாது என்றுதான்.

என் வாதத்துக்கு உண்மையில் சிக்கல் தருவது பாட்டரின் இன்னொரு கதை, 1905-ல் வந்த திருமதி டிக்கி-விங்கிள். குட்டையான, பருத்த ஒரு சலவைக்காரி. பாட்டர் சின்ன வயதில் ஸ்காட்லாந்தில் அறிந்திருந்த கிட்டி மக்டோனால்ட் என்ற சலவைக்காரம்மா அவளுக்கு மாதிரி. லூசி என்ற சிறுமி தொலைந்த கைக்குட்டைகளைத் தேடி மலைக்குள்ளிருக்கும் அவள் வீட்டுக்குப் போகிறாள். அங்கே சலவைக்கு வந்திருக்கும் துணிகளில் பீட்டரின் சுருங்கிய நீலக் கோட்டு இருக்கிறது; ராபின் குருவியின் சிவப்பு வெயிஸ்ட்கோட்டும், ஆட்டுக்குட்டிகளின் கம்பளி மேலாடைகளும் இருக்கின்றன. ராபினின் சிவப்பு அதன் நெஞ்சு இறகு. ஆட்டின் கம்பளி அதன் தோலில் முளைத்தது. இங்கே உடுப்புக்கும் உடம்புக்கும் நடுவே ஓரமே இல்லை, உடம்பையே கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்கள். சலவைக்காரியின் தொப்பியையும் கவுனையும் குத்திக்கொண்டு முட்கள் எட்டிப்பார்ப்பதை லூசி பார்க்கிறாள், ஆனால் ஊசி என்று எடுத்துக்கொள்கிறாள். பிரியும்போது நன்றி சொல்லத் திரும்பினால், தொப்பியும் சால்வையும் கவுனும் இல்லாத, சின்னஞ்சிறு பழுப்பு முள்ளெலி ஒன்று மலையேறி ஓடுகிறது. சிறுமி தூங்கிப்போய்க் கனவு கண்டாள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பாட்டரே ஒப்புக்கொண்டு, உடனே பதிலும் தருகிறார்: அப்படியானால் அவள் கையில் அந்தக் கைக்குட்டைகள் வெளுத்து மடித்தபடி எப்படி வந்தன?